வேன் சிங்க்குக்கு எந்த பம்பு என்று கேட்டிருந்தாய்

குமார்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. ஜொகூர் பாருவில் நீ வாங்கிய பழைய வேனைப் பென்சிலால் வரைந்து, படுக்கைப் பலகை எங்கே, அடுப்பு எங்கே, பின்கதவுப் பக்கம் பாத்திரம் கழுவும் சிங்க் எங்கே என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தாய். போன வருஷம் பொருளாதாரம் விழுந்து உன் தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றபோதுகூட இந்த வேன் ஆசையை நீ விடவில்லை. கல்யாணம் முடிந்ததும் நீயும் ஸ்டெல்லாவும் இரண்டு வாரம் குவாந்தான், திரங்கானு என்று கடலோரமாகவே போய், வேனிலேயே சமைத்து வேனிலேயே தூங்கப் போவதாக எழுதியிருந்தாய். சிங்க்குக்குத் தண்ணீர் ஏற்ற காலால் மிதிக்கிற பம்பு நல்லதா, பேட்டரியில் ஓடுகிற பம்பு நல்லதா, சுங்கை ஊடாங்கில் இருபது வருஷமாக பம்பு கழற்றி மாட்டுகிற அப்பாதான் சொல்ல வேண்டும் என்று முடித்திருந்தாய். படித்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உன் அம்மா தட்டில் சோற்றை வைத்துவிட்டு, "அவன் எழுதாத விசயம் ஒன்னு இருக்கு. சாப்பிட்டுட்டு வா, சொல்றேன்" என்றாள்.

நான் வேலையில் இருந்த நேரம், திங்கட்கிழமை, ஸ்டெல்லா நம் வீட்டுக்கு போன் செய்திருக்கிறாள். நீ சிங்க்குக்கு டியூப் மாட்டிக்கொண்டிருந்தாயாம். இறுக்கிய இடம் கழன்று தண்ணீர் உன் முகத்தில் அடித்ததாம். அவள் சிரித்தாளாம். நீ கையிலிருந்த ஸ்பேனரை வீசினாயாம். "அத்தை, அவரு என்னை அடிக்கல. கண்ணாடிதான் உடைஞ்சிச்சி. துண்டு ஒன்னு கையில குத்திருச்சி, மூனு தையல்தான்" என்று அந்தப் பிள்ளை உனக்காகப் பரிந்து பேசியிருக்கிறாள். "வீசுனப்ப நீ எங்கம்மா நின்ன?" என்று உன் அம்மா கேட்டாள். "ஜன்னல் பக்கத்துலதான், அத்தை." இதைச் சொல்லிவிட்டு உன் அம்மா என்னைப் பார்த்தாள். "நானும் இதையேதான் எங்க அண்ணன்கிட்ட சொன்னேன். என்னை அடிக்கலண்ணே, பலகைச் சுவரைத்தான் குத்துனாருன்னு. கல்யாணமான மொத மாசம்."

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் இரண்டு வாரம் போகிற வேனுக்கு மிதி பம்பு போதும். மிதித்தால் ஒரு கோப்பை தண்ணீர் வரும், காலை எடுத்தால் நின்றுவிடும். இரண்டு கையும் பாத்திரத்துக்கு மிச்சம். வயர் இல்லை, எரிந்துபோக எதுவும் இல்லை, கொண்டுபோன தண்ணீரும் நாலு நாள் வரும். கேனிலிருந்து மேலே ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காதபடி டியூபின் அடியில் ஒரு வால்வு போடு. இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் இருபது மிதி வீணாகும். பம்புக்கு முன்னால் சின்ன வலை ஒன்று வை. தோட்டத்துக்குப் பாய்ச்சுகிற பச்சை டியூப் வேண்டாம், தண்ணீரில் ரப்பர் வாடை வரும். பேட்டரி பம்புதான் வேண்டுமென்றால் இஞ்சினைக் கிளப்புகிற பேட்டரியில் அதைத் தொடுக்காதே. தனி பேட்டரி, ஒரு ஃபியூஸ், கை எட்டுகிற இடத்தில் கரண்டை வெட்டுகிற சுவிட்சு, இந்த மூன்றும் இல்லாமல் வைக்காதே. ஆனால் நீ என்னைக் கேட்டதை ஸ்டெல்லாவிடம் கேட்டாயா? அந்த சிங்க்கில் அவளும்தானே நிற்கப் போகிறாள். என் வேனுக்கு சிங்க் வைத்தபோது உன் அம்மா சொன்னதை நான் கேட்கவில்லை. அதில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியக்கூடாது என்று நான் மூன்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ தொழில்நுட்பப் பள்ளி விடுதியில் தங்கி, பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படித்த வருஷம் அது. என்னிடமும் ஒரு பழைய வேன் இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மாவின் அண்ணன், லாரி ஓட்டிக்கொண்டிருந்த உன் பாலன் மாமாவும் நானும் சேர்ந்து வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு வரலாம் என்று உள்ளே அடுப்பும் சிங்க்கும் வைத்தோம். "மிதி பம்பு ஒன்னு வச்சா போதுங்க. எனக்கு அதான் சுலபம்" என்றாள் உன் அம்மா. "பம்பைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றேன். மலாக்கா டவுனில் ஒரு பழைய சாமான் கடையில், மீன்பிடிப் படகிலிருந்து கழற்றிய மோட்டார் பம்பு கிடைத்தது. குழாயைத் திறந்தால் ஓடும், மூடினால் தானாக நிற்க வேண்டும், அந்த வகை. கடை முதலாளியான சீனத் தவுக்கே அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, உப்புத் தண்ணீரில் கிடந்த சாமான், சுவிட்சு துருப்பிடித்திருக்கும், சின்ன வேனுக்கு இது எதற்கு, மிதி பம்பு எடுத்துக்கொள் என்று மலாயில் சொன்னார். உன் அம்மா சொன்ன அதே வார்த்தை. நான் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து அலமாரியோடு சேர்த்து அழுத்தினேன். மேலே அடுக்கியிருந்த இரும்புச் சாமானெல்லாம் அவர் தோளில் விழுந்தது. வயதான மனிதர். பாலன் மாமாதான் என்னை வெளியே இழுத்து வந்தார். அந்த பம்பையே வாங்கிக்கொண்டுதான் வந்தேன். வேனில் மாட்டி, இஞ்சின் பேட்டரியிலேயே வயரைத் தொடுத்தேன். ஃபியூஸ் போடவில்லை. தொழில் தெரிந்தவன் நான். தெரிந்துதான் போடவில்லை. எனக்கென்ன ஆகும் என்ற திமிர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுங்கை ரம்பாய் தாண்டி கம்பம் என்கிற மீனவர் கிராமம் ஒன்றுக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தினோம். உன் அம்மா, பாலன் மாமா, நான், மூன்று பேர்தான். பதினொரு மணி வெயில். உன் அம்மா நண்டு கழுவக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் சிங்க்கைத் தாண்டிப் பாய்ந்தது. மூடினாள். மோட்டார் நிற்கவில்லை. உள்ளே அழுத்தம் ஏறி, டியூப் இணைப்பு பிடுங்கிக்கொண்டு, அரிசிப் பை, பாய், தலையணை எல்லாவற்றின் மேலும் தண்ணீர் பீய்ச்சியது. நான் சுவிட்சைத் தேடினேன். சுவிட்சே வைக்கவில்லையே. வயரைப் பிடுங்கப் போனபோது உருகிய பிளாஸ்டிக் விரலில் ஒட்டிக்கொண்டது. நான் கையை உதறிக்கொண்டு குதிப்பதைப் பார்த்து பாலன் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "மாப்பிள, கப்பல் முழுகுதுலா!" மோட்டார் தானாக நின்றபோது கேன் காலி, பேட்டரி செத்துவிட்டது, இஞ்சின் உறுமக்கூட இல்லை. உன் அம்மா அரிசியை அள்ளிக்கொண்டே, "நான் அன்னைக்கே சொன்னேன்ல, மிதி பம்பு போதும்னு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். குத்தலாகக்கூடச் சொல்லவில்லை.

கழன்று கிடந்த டியூபைப் பிடுங்கி அவளை அடித்தேன். முதல் அடி கழுத்தில் விழுந்தது. முகத்தை மறைத்த கைகளின் மேல் அடித்தேன். அவள் சுருண்டு உட்கார்ந்தாள். முதுகில் அடித்தேன். டியூபின் முனையில் இரும்பு வளையம் இருந்தது. அது பட்ட இடமெல்லாம் பிளந்தது, ரவிக்கை கிழிந்து ரத்தம் தண்ணீரோடு கலந்து ஓடியது. ஒன்றை உன்னிடம் மறைக்க மாட்டேன். கோபத்தில் கண் மண் தெரியவில்லை என்று பிறகு உன் அம்மாவிடமும் மாமாவிடமும் சொன்னேன். பொய். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நாலாவது அடிக்கு மேல் எனக்குக் கோபமே இல்லை. சுகமாக இருந்தது. நான் சொன்னதைக் கேட்காத மோட்டாருக்குப் பதிலாக, நான் அடித்தால் சுருளுகிற ஓர் ஆள் கிடைத்துவிட்ட சுகம்.

பாலன் மாமா என் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். "மாப்பிள, விடுங்க! செத்துருவா!" என்று கத்தினார். பம்பு மாட்டக் கொண்டுவந்த பைப் ரென்ச் சிங்க்குக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்துத் திரும்பி அவர் முகத்தில் அடித்தேன். எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கீழே விழுந்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, கால்களை உதைத்தார். விரல்களுக்கு நடுவே என்ன வழிந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அப்போதும் நான் நிறுத்தவில்லை. மறுபடி ரென்ச்சை ஓங்கினேன். அந்த அடி விழுந்திருந்தால் அவர் செத்திருப்பார், என்னைத் தூக்கில் போட்டிருப்பார்கள். அடுப்பில் தேநீருக்கு வைத்த கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. உன் அம்மா அதை அப்படியே தூக்கி என்மேல் ஊற்றினாள். தோளிலிருந்து நெஞ்சு வரை தோல் உரிந்தது. நான் அலறிக்கொண்டு பின்கதவு வழியாக மணலில் விழுந்தேன். அவள் இறங்கி வந்து, காலி கெட்டிலை என் தலைக்கு மேலே ஓங்கிப் பிடித்தபடி நின்றாள். "எந்திரிச்சா மண்டைய ஒடச்சிருவேன்டா" என்றாள். கம்பத்திலிருந்து ஓடி வந்த மலாய் மீனவர்கள் மீன் லாரியில் எங்கள் மூன்று பேரையும் ஏற்றினார்கள். வயதான ஒருவர், யார் இதைச் செய்தது என்று கேட்டார். உன் அம்மா அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் தோள் தழும்பைக் காட்டி நீ கேட்டபோது, வேலையில் ஸ்டீம் அடித்துவிட்டது என்றேன். அது முதல் பொய். மாமா படகுத்துறையில் வழுக்கி இரும்பில் விழுந்து கண் போய்விட்டது என்றேன். அது இரண்டாவது. அந்தப் பொய்யை முதலில் சொன்னவர் அவரேதான். ஆஸ்பத்திரியில் முகத்தில் பாதிக்குக் கட்டுப் போட்டபடி படுத்திருந்தபோது போலீஸ்காரர் வந்து விசாரித்தார். வழுக்கி விழுந்தேன் என்று மாமா சாதித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "உனக்காக இல்ல. அந்தப் பையன் பரீட்சை எழுதுற நேரம்லா. அப்பன் உள்ள இருந்தா அவன் படிப்பு என்னாவும்?" அவருடைய லாரி லைசன்ஸ் போனது. இன்றைக்கும் செம்பனை எண்ணெய் ஆலை வாசலில் மற்றவர்களுடைய லாரிக்குக் கதவு திறந்து விடுகிறார். நீ இன்று ஒரு தொழிலில் நிற்கிறாய் என்றால், அதற்கு ஒரு கண்ணைக் கொடுத்தவர் அவர்.

மூன்றாவது பொய், அம்மா ஏழு மாதம் பெம்பானில் மாமா வீட்டில் இருந்தது அவரைப் பார்த்துக்கொள்ள என்பது. அவள் என்னை விட்டுப் போயிருந்தாள். ஆறின புண்ணோடு நான் போய்க் கூப்பிட்டபோது சமையலறையிலிருந்து பாராங் கத்தியோடு வந்தாள். "வாசல தாண்டுன, கால வெட்டிருவேன்" என்றாள். பெண்பிள்ளை பயமுறுத்துகிறாள் என்று நினைத்து ஒரு காலை உள்ளே வைத்தேன். வெட்டினாள். கத்தி என் பாதத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி நிலைப்படியில் இறங்கியது. அவள் குறி தப்பியதா, தப்ப விட்டாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அன்றிலிருந்துதான் அவள் என்னை 'நீ' என்று பேசுகிறாள். ஏன் அம்மா உங்களை வா போ என்கிறார் என்று நீ ஒருமுறை கேலியாகக் கேட்டாய். இதுதான் காரணம்.

அதற்கு முன்னாலும் சில தடவை அவளை அடித்திருக்கிறேன் என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். உன் அம்மா தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். "சில தடவையா?" என்றாள். "பதினேழு வருசம். நல்லா எழுது." சரி, எழுதுகிறேன். பதினேழு வருஷம் அடித்தேன். நீ பார்த்தும் இருக்கிறாய். ஒருநாள் பள்ளிக்கூடப் பையோடு நீ வாசலில் நின்றதை நான் பார்த்தேன். பார்த்த பிறகும் அடித்தேன். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அடிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் என்று உன்னிடம் சொல்லலாம். அதே லயத்தில் வளர்ந்த பாலன் மாமா யார் மேலும் கை வைத்ததில்லை.

அந்த ஏழு மாதத்தில் நான் நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்காதே. ஞாயிறுதோறும் பெம்பானுக்குப் போய் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது வாரம் அந்த வீட்டு ஜன்னலில் எறிய ஒரு கல்லை எடுத்தேன். எறியவில்லை, ஆனால் எடுத்தேன். வீட்டில் தனியாக இருந்தபோது தட்டுகளை உடைத்தேன். ஒருநாள் வேலையிடத்தில் மேற்பார்வையாளர் பத்துப் பேர் முன்னால் என்னைக் கேவலமாகத் திட்டினார். என் கையில் அதே பைப் ரென்ச் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு "யெஸ் பாஸ்" என்றேன். வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. என் கை தன்னை அறியாமல் ஓங்குகிறது என்று இத்தனை வருஷம் சொல்லி வந்தேன். அதற்கு எல்லாம் தெரியும். யாரை அடிக்கலாம், யாரை அடித்தால் வேலை போகும் என்று கணக்காகத் தெரியும். நீயும் யோசித்துப் பார். தொழிற்சாலையில் உன் முகத்தில் தண்ணீர் அடித்து ஃபோர்மேன் சிரித்திருந்தால் ஸ்பேனர் உன் கையை விட்டுப் போயிருக்குமா? போயிருக்காது. அப்படியானால் அது ஆத்திரத்தில் தவறிப்போன கை இல்லை, குமார். ஆளைப் பார்த்து வீசிய கை.

ஏழாவது மாதம் உன் அம்மா ரோட்டுக்கு வந்து என் எதிரில் நின்றாள். "இனிமே ஒரு அடி விழுந்தா நானே போலீசுக்குப் போவேன், அண்ணன் பொய் சொன்னாலும் நான் சொல்ல மாட்டேன். அப்புறம், நடந்ததை குமார்கிட்ட நீதான் சொல்லணும். உன் வாயால. நான் சொன்னா அவன் அப்பனுக்காக வருத்தப்படுவான், உனக்கு வசதியாப் போயிரும்" என்றாள். இரண்டுக்கும் தலையாட்டினேன், அவள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அவளை அடித்ததில்லை. உன்னிடம் சொல்வதை மட்டும் வருஷா வருஷம் தள்ளிப் போட்டேன். பரீட்சை முடியட்டும், வேலை கிடைக்கட்டும், தீபாவளி கழியட்டும் என்று. அவள் என்னை நச்சரிக்கவில்லை. நான் வாக்குத் தவறிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சோறு போட்டாள். அன்றே சொல்லியிருந்தால் நீ என்னை வெறுத்திருப்பாய். வெறுத்திருந்தால் உன் கை ஸ்பேனரை எடுத்தபோது என் முகம் நினைவுக்கு வந்து கூசியிருக்கும். அந்தப் பிள்ளை கையில் விழுந்த மூன்று தையலில் எனக்கும் பங்கு உண்டு.

உனக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கோபத்தை அடக்கு என்று சொல்ல மாட்டேன், எல்லாருக்கும் கோபம் வரும். ஸ்டெல்லா சிரிக்கிறபோது, நீ தோற்றதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைக்காதே, நனைந்துபோன ஆளைப் பார்த்துச் சிரிக்கிறாள். என்னை அடிக்கவில்லை என்று அவள் பிறரிடம் சொல்லிக்கொண்டிருந்தால், அவள் உன்னைக் காப்பாற்றுகிறாள் என்று சந்தோஷப்படாதே, உன்னிடமிருந்து தன்னைக் காப்பாற்றத் தொடங்கிவிட்டாள் என்று பயப்படு. அவளிடம் போய் மன்னிப்புக் கேள். கேட்டதும் அவள் மன்னித்தாக வேண்டும் என்று எதிர்பார்த்து நிற்காதே. பாலன் மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது அவர், "கேட்டுட்டீங்கள்ல, போய் வேலையப் பாருங்க" என்றார். எட்டு வருஷமாக என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், பேசுகிறார். மன்னித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுத்து, ஸ்டெல்லாவிடம் காட்டு என்று சொல்லியிருக்கலாம். நீ காட்ட மாட்டாய். உன் இடத்தில் நானும் காட்டியிருக்க மாட்டேன். அதனால் ஜாசினில் பிரதி எடுத்து, போன வியாழக்கிழமையே அவள் வீட்டு முகவரிக்கு அனுப்பிவிட்டேன். உன்னுடையதை வேண்டுமென்றேதான் தாமதமாக அனுப்புகிறேன். அவள் கல்யாணம் வேண்டாம் என்றால் அவள் வாசலில் போய் நிற்காதே. மண்டபத்துக்கும் சொந்தக்காரர்களுக்கும் நானே போய்ச் சொல்கிறேன், காரணத்தையும் சேர்த்து. தலை குனிய வேண்டியது நாம், அவள் இல்லை.

இந்தப் பத்தியும் இதற்கு முந்தைய பத்தியும் மட்டும் அவளுக்கு அனுப்பியதில் இல்லை. நேற்று மாலை ஸ்டெல்லா உன் அம்மாவுக்கு போன் செய்தாள். முக்கால் மணி நேரம் பேசினார்கள். நான் வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா அதிகம் பேசவில்லை, "ம்" என்றும் "ஆமாம்மா" என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை மட்டும், "உன் இஷ்டம்மா, எனக்காக எதையும் செய்யாத" என்றாள். போனை வைத்துவிட்டு வந்து முகம் கழுவினாள். அந்தப் பெண் என்ன முடிவு சொன்னாள் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. நீயும் போன் செய்து அம்மாவைக் கேட்காதே. ஸ்டெல்லா வந்து சொல்லும்வரை இரு.

அப்பா